வயிற்றில் விழுந்த வெடிப்பு: ஒரு மரக் கெண்டையின் நிகழ்வு ஆய்வு

நான் மரத்தில் செதுக்கிய மீன் சாதாக் கெண்டை (common carp). மூக்கிலிருந்து வால் நுனிவரை 46 செ.மீ. உடல் முழுவதும் ஒரே பாஸ்வுட் கட்டையில் செதுக்கியது, துடுப்புகள் தனியாகச் செய்து பொருத்தியவை, கண்கள் கண்ணாடி, வண்ணம் அக்ரிலிக், மேலே பளபளக்கும் வார்னிஷ். வயிற்றில் துளையிட்டு எஃகுக் கம்பி செருகி, பீடத்தின் மேல் நீந்துகிற மாதிரி நிறுத்தியிருந்தேன். மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்ததால் முடிய நான்கு மாதம் ஆனது.

முடித்த ஏழாவது வாரம் வயிற்றில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பத்தாவது வாரத்தில் அதற்குள் நகம் நுழைந்தது. வெடிப்பின் இரண்டு கரையிலும் வண்ணம் ஏடு ஏடாகக் கிளம்பி நின்றது.

அதற்கு முன்பே ஒரு புகார் வந்திருந்தது. மீன் வளர்க்கிற நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். என்னைவிட இளையவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேலை சுத்தமா இருக்குண்ணே. ஆனா செத்து ரெண்டு மணி நேரம் ஆன மீன் மாதிரி இருக்கு" என்றார். எங்கே அப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அது தெரியல. பார்த்தா அப்படித்தான் தோணுது."

ஆக, ஒரே மீனில் இரண்டு வியாதி: உடம்பு பிளந்தது, உயிர் இல்லாமல் இருந்தது. இரண்டுக்கும் நான் செய்த முதல் வைத்தியம் வண்ணம். வெடிப்பில் பட்டி வைத்துத் தேய்த்துப் பூசினேன். மூன்றே வாரத்தில் திரும்பத் திறந்தது. எபாக்சிப் பசை ஊற்றி அடைத்தேன். எபாக்சி அசையவில்லை, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று பிளந்தது. உயிர் வரட்டும் என்று விலாவில் வெள்ளியைக் கூட்டினேன். தகரத்தில் செய்த மீன் மாதிரி ஆனது. அதன் பிறகுதான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போனேன்.

வெடிப்பு எங்கே தொடங்கியது

பிளவை முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. இரண்டு முனையும் தேய்ந்து மறைகிற இடங்களுக்குச் சரியாக நடுவில் கம்பித் துளை இருந்தது. அங்கேதான் பிளவு அகலமாக, ஏறக்குறைய 2 மி.மீ. இருந்தது. வண்ணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மரம் பிளந்தது, மேலே இருந்த வண்ணமும் கூடவே பிளந்தது.

அதே பலகையின் மீதித் துண்டு 11 செ.மீ. கனத்தில் பட்டறையில் கிடந்தது. செதுக்கத் தொடங்குமுன் ஈரமானியின் ஊசியை அதன் மேல்பரப்பில் குத்தி 10% என்று பார்த்துத் திருப்திப்பட்டிருந்தேன். இப்போது துண்டை நடுவில் அறுத்து, உட்பகுதியிலிருந்து ஒரு சிறு கட்டையை எடுத்து நிறுத்தேன்: 42.6 கிராம். அடுப்பில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தினேன்: 36.4 கிராம். போன தண்ணீர் 6.2 கிராம். உலர்ந்த எடையால் வகுத்தால் 17%. ஊசி குத்திய ஆழத்துக்கு மட்டும் மரம் காய்ந்திருக்கிறது, உள்ளே இன்னும் பச்சைத்தன்மை போகவில்லை.

மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்கில்தான் சுருங்கும். பச்சை மரம் முழுக்கக் காய்ந்து முடிந்தால் பாஸ்வுட், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 9.3% வரையும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 6.6% வரையும் சுருங்கும். அந்தச் சுருக்கம் ஈரம் சுமார் 30%-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அப்படியானால் ஒவ்வொரு 1% ஈரத்துக்கும் வளையத் திசையில் சுமார் 0.31%. உள்ளே 17-இல் இருந்த மரம் என் அறையில் 9-க்கு வந்து நிற்க வேண்டும். 8 படி இறக்கம். 10 செ.மீ. அகலத்தில் கணக்கிட்டால் 2.5 மி.மீ. இந்தச் சுருக்கத்துக்கு எங்காவது வழிவிட்டாக வேண்டும்.

ஏன் வயிற்றில்? உடல் முழுவதும் பிரைமர் என்ற அடிப்பூச்சும் வண்ணமும் வார்னிஷும் சேர்ந்து மூடியிருந்தன, துளையின் உட்சுவர் மட்டும் திறந்திருந்தது. நாருக்குக் குறுக்கே துளையிட்டால் அதன் இரண்டு பக்கத்திலும் நார் நுனிகள் வெளியே தெரியும். ஈரம் நாரின் குறுக்கே போவதைவிட நார் நுனி வழியாகப் பல மடங்கு வேகத்தில் வெளியேறும். மற்ற வாசல்களை எல்லாம் அடைத்துவிட்டு ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தேன். போதாக்குறைக்கு அந்த வாசலில் அசையாத எஃகுக் கம்பியை எபாக்சி வைத்து இறுக்கியிருந்தேன். மரம் சுருங்கிக் கம்பியை நெருக்கும், கம்பி விட்டுக்கொடுக்காது. கட்டையில் ஆப்பு அடிப்பதும் இதுவும் ஒன்றுதான், இங்கே ஆப்பை அடித்தது மரமே.

மரத்தின் மேல் பழி போடுவதற்கில்லை. பாஸ்வுட் மென்மையானது, சீரானது. எந்தப் பக்கம் உளி போனாலும் அதிகம் சண்டை போடாது. மெல்லிய விவரம் வேண்டுமென்றால் டூப்பலோ மரம் இன்னும் மேல், தேய்த்த பிறகு பஞ்சு எழும்பாது. ஜெலுடாங்கில் பால் ஓடிய சிறு பிளவுகள் இருக்கும், ஒவ்வொன்றையும் தேடி அடைக்க வேண்டும். எந்த மரமானாலும் உள்ளீரம் போகாத கட்டை வெடிக்கத்தான் செய்யும்.

செத்த மீனை அளந்து செய்தது

இரண்டாவது வியாதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வெடிப்பைக் காட்டித் தர ஒரு துளை இருந்தது. "உயிரில்லை" என்பதற்கு எதைத் தொட்டுக் காட்டுவது?

வேலைக்காக வரைந்த பழைய தாள்களை எடுத்துப் பரப்பினேன். பதில் முதல் தாளிலேயே இருந்தது. செத்த கெண்டை ஒன்றைப் பலகையில் படுக்க வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து, கவராயத்தால் கனம் எடுத்திருந்தேன். அளவுகள் மி.மீ. சுத்தம், ஆனால் எல்லாமே படுத்த மீனின் அளவுகள். தண்ணீர் தாங்கும்போது கெண்டையின் விலா புடைத்திருக்கும், அதன் மிகப் பருத்த இடம் முதுகுத் துடுப்பின் தொடக்கத்துக்குக் கீழே வரும். பலகையில் கிடந்தால் வயிறு தளர்ந்து பரவும், விலா தட்டையாகும், பருத்த இடம் கீழே இறங்கிவிடும். செவுள் மூடி சற்றே பிளந்து நிற்கும், துடுப்புகள் உடலோடு ஒட்டிச் சரியும். இதையெல்லாம் விசுவாசமாக மரத்தில் இறக்கியிருந்தேன். நண்பர் பார்த்தது சரி. அவர் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்குகூடப் பெரிய தவறில்லை.

அதற்குப் பிறகு தொட்டி ஒன்றின் முன்னால் பல நாள் உட்கார்ந்தேன். வரையவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உறைத்தது வளைவு. என் மீன் முன்பாதியில் கம்பு போல நேராக இருந்து, வாலில் மட்டும் கதவுக் கீல் மாதிரி திரும்பியிருந்தது. தொட்டியில் திரும்புகிற கெண்டைக்கு வளைவு செவுளுக்குப் பின்னாலேயே தொடங்குகிறது. அப்படியே சீராக வாலுக்குப் போய்ச் சேர்கிறது. உள்வளைவுப் பக்கம் செதில்கள் நெருங்கி அடுக்கின மாதிரி ஆகும், வெளிப்பக்கம் விரியும். நான் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் செதுக்கியிருந்தேன்.

அடுத்தது கண். கெண்டைக்கு இமை கிடையாது. கண்வில்லை உருண்டையாக, கண்மணியைத் தாண்டிச் சற்று வெளியே துருத்தி நிற்கும். செத்தால் அந்தத் துருத்தல் அமுங்கும், கண் குழியும். நான் கண்ணாடிக் கண்ணைத் தோலோடு மட்டமாகப் பதித்திருந்தேன். அதைவிடப் பெரிய பிழை பார்வைத் திசை. உயிருள்ள மீன் ஒருபுறம் சாய்ந்தால் கண்கள் சாய்வுக்கு எதிராக உருளும்: தாழ்ந்த பக்கத்துக் கண் மேல்நோக்கித் திரும்பும், உயர்ந்த பக்கத்துக் கண் கீழ்நோக்கித் திரும்பும். உட்காதின் சமநிலை உறுப்பு செய்கிற வேலை இது. என் மீன் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கண்களோ உடலுக்கு நேர் குறுக்கே, ஆணி அடித்த மாதிரி நின்றன. சாய்ந்த உடம்போடு கண்ணும் சேர்ந்து சாய்ந்தால் அது செத்த மீன். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் கண்டுபிடித்துவிடும்.

செதில் எண்ணிக்கையிலும் ஏமாந்திருந்தேன். சாதாக் கெண்டைக்குப் பக்கக் கோட்டில் செவுளிலிருந்து வால் அடிவரை பெரும்பாலும் 35-லிருந்து 39 செதில் இருக்கும். என் மரமீனில் எண்ணிப் பார்த்தால் 52! பெரிய மீனுக்கு நிறையச் செதில் இருக்கும் என்று கை தானாகப் போயிருக்கிறது. மீன் வளர வளரச் செதில் எண்ணிக்கை கூடாது, இருக்கிற செதில்தான் பெரிதாகும். 52 செதிலோடு கெண்டை உருவத்தில் நின்றது எந்த இனம் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறவர் ஆஸ்கர் பீட்டர்சன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேடிலாக் ஊர்க்காரர். 1887-இல் பிறந்து 1951-இல் மறைந்தவர். உறைந்த ஏரியில் துளை போட்டு, மரமீனை நூலில் இறக்கி ஆட்டி, அதைத் தேடி வரும் பெரிய மீனை ஈட்டியால் குத்துகிற வழக்கம் அங்கே உண்டு. அதற்கான மீன்களை ஏராளமாகச் செதுக்கினார். வயிற்றில் ஈயம், பக்கத்தில் தகடு வெட்டிய துடுப்பு, வண்ணம் நாலைந்து புள்ளியும் பட்டையும். செதிலுக்குச் செதில் எண்ணினால் எதுவும் தேறாது. ஆனால் அந்த உடல் வளைவு பொய் சொல்லாது. அந்த மரமீன்களைத் தேர்வு செய்தவை தண்ணீருக்கு அடியிலிருந்த மீன்கள், மனிதக் கண்ணை ஏமாற்றினால் போதும் என்று நாங்கள் அனுபவிக்கிற சலுகை அவருக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளி ஏன் தகரமானது

வண்ணத்திலும் கோளாறு இருந்தது, அதை மறைக்கவில்லை. மீனின் மினுக்கம் சாயத்தால் வருவதன்று. தோலில் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒளி அவற்றில் பட்டுத் திரும்புவதுதான் மினுக்கம். வெள்ளி மீன்களில் தோல் எவ்வளவு வளைந்திருந்தாலும் இந்தத் தட்டுகள் செங்குத்தாகவே நிற்கின்றன என்பதை 1960-களில் கடல் உயிரியலாளர் எரிக் டென்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். அதனால்தான் நகர்ந்து பார்த்தால் பளிச்சென்ற இடமும் நகர்கிறது. நான் பூசியது அலுமினியத் தூள் கலந்த வெள்ளி. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே சாம்பல்.

இதற்கு நெருங்கி வருவது அபிரகத் துகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லியதாகப் படிந்த முத்துப் பொடிகள். அந்தப் படலத்தின் கனத்தைப் பொறுத்து பொன், செம்மை, நீலம், பச்சை என்று மின்னும். கருமையான அடிவண்ணத்தின் மேல் பூசினால்தான் அவை பேசும். வெள்ளை பிரைமரின் மேல் பூசினால் பூசியதே தெரியாது. முதல் மீனில் நான் வெள்ளையை அப்படியே விட்டு அதன் மேல் ஏற்றியிருந்தேன்.

இன்னொரு விஷயத்தில் நிறையப் பேரோடு எனக்கு வழக்கு உண்டு: பளபளப்பு வார்னிஷ். மீன் ஈரமாக மின்னுவது தண்ணீரை விட்டு வெளியே எடுத்த பிறகு. தண்ணீருக்குள் அதன் மேல் உள்ள வழுவழுப்புக்கும் தண்ணீருக்கும் ஒளி விலகலில் பெரிய வேறுபாடு இல்லை, அதனால் மேல்பரப்பில் கண்ணாடிப் பளபளப்பு எழ வழியில்லை. நீந்துகிற நிலையில் செதுக்கிவிட்டு, கரையில் எடுத்துப் போட்ட மீனின் மினுக்கத்தைப் பூசுவது தன்னோடு தானே முரண்படுவது. கண்ணுக்கு மட்டும் பளபளப்பு, மற்ற இடத்தில் மங்கல் வார்னிஷ் என்பது என் முடிவு. போட்டிக்கு அனுப்புகிறவர்கள் வேறுவிதமாகச் செய்யலாம், சண்டைக்கு வரமாட்டேன்.

கடைசியாக ஒரு வேடிக்கை. நன்றாகப் பூசப் பூச என் மீன் தட்டையாகிக்கொண்டே போனது. முதுகு கருமை, வயிறு வெளுப்பு என்று இயற்கையை அப்படியே பின்பற்றியிருந்தேன். இயற்கை அப்படிப் பூசியதே மீனைத் தட்டையாக்கத்தான். மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளுப்பாக்கி வயிற்றை நிழலாக்கும். கருமுதுகும் வெண்வயிறும் அதைச் சரிக்கட்டி உருட்சியை மறைத்துவிடும். இதை 1896-இல் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் விளக்கி எழுதினார். நான் மாதக்கணக்கில் உளியால் கொண்டுவந்த உருட்சியை, கூரை விளக்குக்குக் கீழே நிறுத்தி வண்ணத்தால் அழித்துக்கொண்டிருந்தேன். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்ததும் மீன் பாதி எழுந்து வந்தது. அதற்கு ஒரு சொட்டு வண்ணமும் தேவைப்படவில்லை.

இரண்டாவது மீன்

முதல் மீனைச் சரிசெய்ய முயலவில்லை. அறுத்து உள்ளே பார்த்துவிட்டு ஒதுக்கினேன்.

புதிய மீனுக்கு ஒரே கட்டை வேண்டாம் என்று 3.5 செ.மீ. பலகைகளாக எடுத்து, வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வந்தேன். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்ற பிறகே ஒட்டினேன். வெளியுருவம் வந்ததும் நடுக்கோட்டில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, சுவர் 12 மி.மீ. கனம் இருக்குமாறு விட்டு மறுபடி ஒட்டினேன். கம்பித் துளையின் உட்சுவருக்கும் ஈரத்தை அடைக்கும் சீலர் இரண்டு கை. கம்பி துளையைவிடச் சற்று மெல்லியது, மேல்முனையில் மட்டும் ஒட்டியது. மரம் அசைந்தால் அசைய இடம் உண்டு.

அளவை இந்த முறை மேலிருந்தும் முன்னிருந்தும் எடுத்த அசையும் படங்களிலிருந்து எடுத்தேன். செத்த மீனைத் துடுப்பு முள் எண்ணவும் வாயின் உள் அமைப்பைப் பார்க்கவும் மட்டும் வைத்துக்கொண்டேன். கெண்டை முதுகுத் துடுப்பின் முதல் பெரிய முள்ளின் பின்விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும், அதைப் படத்தில் பார்ப்பதைவிடக் கையில் தடவிப் பார்ப்பது நல்லது. துடுப்புகளுக்கு மரத்தின் நார் முள்ளின் திசையிலேயே ஓடும்படி துண்டு எடுத்தேன். உடலோடு சேர்த்துச் செதுக்கினால் உடலின் நார் முள்ளுக்குக் குறுக்கே போகும், துடைக்கிற துணி பட்டாலே ஒடியும். முள்களை அடி முதல் நுனி வரை நேர்கோடாக இழுக்காமல், விளிம்புக்கு வரும்போது கிளை பிரித்து, சூட்டுக்கோலால் மெல்லிய குறுக்குக் கணுக்கள் வைத்தேன்.

செதில் வேலையை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அதிகம் கேட்கப்படுவது அதுதான். முதலில் பக்கக் கோட்டை வரைந்தேன். அதில் 37 புள்ளி. இடைவெளி சமமாக இல்லை: நடு உடலில் 8.5 மி.மீ., வால் அருகில் 5 மி.மீ. பிறகு ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மேலும் கீழும் சாய்கோடுகள். இரண்டு சாய்வுகளும் வெட்டிக்கொள்ளும் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு செதில். நகவுளியைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால் செதிலின் வளைந்த விளிம்பு பதியும். பிறகு வால் பக்கமிருந்து அந்த வெட்டை நோக்கித் தட்டை உளியால் மெல்லச் சீவினால், முன்செதில் பின்செதிலின் மேல் கவிந்த மாதிரி எழும். சீவும் ஆழம் அரை மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் ஓட்டுக் கூரை ஆகிவிடும். முதுகுப் பக்கம் நாலு வரிசை எனக்கு அப்படித்தான் ஆனது, உப்புத்தாள் வைத்து இறக்கினேன். உள்வளைவில் வரிசைகளை நெருக்கினேன். மொத்தச் செதிலுக்கும் பதினெட்டு மாலைகள் போயின.

வண்ணத்தில் அடியில் கரும் ஆலிவ், அதன் மேல் பித்தளை நிறம் மெல்லிய படலங்களாக, பிறகு முத்துப் பொடி. ஒவ்வொரு செதிலின் அடியிலும் ஒரு கரும்புள்ளி, விளிம்பில் விட்டுவிட்டு ஒரு கருங்கோடு. கெண்டைக்கு வலைப் பின்னல் தோற்றம் இவை இரண்டாலும் வருகிறது. ஏர்பிரஷால் நிழல் போட்டால் அது கிடைக்காது, மயிர்த் தூரிகையோடு ஒவ்வொன்றாக உட்கார வேண்டும். வயிற்றை முழு வெளுப்பாக விடாமல் மஞ்சள் கலந்து ஒரு படி இறக்கினேன். கூரை விளக்கிலும் உருட்சி கொஞ்சம் மிஞ்சட்டும் என்று.

நண்பர் திரும்ப வந்தார். இந்த முறை சுற்றிப் பார்க்கவில்லை, நேரே முன்னால் குனிந்தார். "வாய் ஓர மீசை மேல்மீசையைவிட நீளமா இருக்கணும்ணே. நீங்க ரெண்டையும் ஒரே அளவா வெச்சிருக்கீங்க." எடுத்துப் பார்த்தால் உண்மைதான். மாற்றினேன்.

முடித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. வயிற்றில் எதுவும் இல்லை. முதுகில், முதுகுத் துடுப்புக்குப் பின்னால், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒட்டுக்கோடு ஒன்று மெல்லிய வரப்பாக எழுந்திருப்பது தெரிகிறது. பலகைகளின் ஆண்டு வளையங்கள் ஒரே திசையில் இல்லாததால் ஒன்று மற்றதைவிடச் சற்று அதிகம் அசைந்திருக்க வேண்டும். அடுத்த மீனுக்கு ஒரே பலகையை நீளவாக்கில் அறுத்து, திசை மாறாமல் அடுக்கப் போகிறேன். அந்தத் துண்டுகள் இப்போது வாராவாரம் தராசில் ஏறி இறங்குகின்றன. போன வாரம் 4 கிராம் குறைந்தது.